முப்பத்தொரு ஒட்டுகள்

மார்ச் 3, திங்கள்

மாலை படிப்பகத்தில் கூட்டம். இந்த மாதம் முப்பதாம் தேதி ஞாயிறன்று குழந்தைகளுக்குப் பெரியவர்கள் சேர்ந்து ஒரு நாடகம் போடுவதாக முடிவு. யார் கண்ணிலும் படாமல் இருக்கக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நூலகர் அம்மா நேராக என்னைத்தான் காட்டினார்.

"சோளக்கொல்லை பொம்மைக்கு சார்தான் சரி. அரை மணி நேரம் கையை விரிச்சுக்கிட்டு அசையாம நிக்கணும்."

காக்கா வேஷம் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டருக்கு. அவர் எழுந்து நின்று, "சார் நின்னா காக்கா என்ன, பஸ்ஸே நின்னுடும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். முடியாது என்று சொல்லலாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் பெயர் எழுதியாகிவிட்டது.

வீட்டில் சொன்னேன். மனைவி வெங்காயத்தை உரிப்பதை நிறுத்தாமலே சொன்னாள்: "நிக்கறதுக்கு உங்களை விட்டா ஆள் கிடையாதுங்க. கல்யாணத்தன்னிக்கே பாத்தேன்."

பொம்மை சும்மா நிற்கும் என்றுதான் நினைத்தேன். இரவுச் சாப்பாட்டுக்கு முன் நாடகத்தைப் படித்துப் பார்த்தால், பொம்மை பேசுகிறது. முப்பத்தொரு இடத்தில்.

மார்ச் 4, செவ்வாய்

மறுபடி எண்ணினேன். முப்பத்தொன்றுதான்.

மார்ச் 6, வியாழன்

எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாக இழுத்துக்கொண்டிருந்ததை எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் படிப்பதில்லை.

போன வியாழக்கிழமை மருந்துக்கடைக்குப் போய்த் திரும்பும்போது ஒரு நீல நிறக் கேட்டின் தாழ்ப்பாளைத் திறந்தேன். உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து, "யாரைப் பாக்கணும்?" என்றாள். பதில் தெரியவில்லை. வெளியே வந்து தெருவில் நின்றேன். அந்தத் தெரு எனக்குத் தெரிந்த தெருதான், ஆனால் அதில் என் வீடு எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியவில்லை. பத்து நிமிடம் இருக்கும். பிறகு, கண்ணைத் துடைத்துவிட்டது போல எல்லாம் தெளிந்தது. எங்கள் கேட் பச்சை. பதினொரு வருடங்களுக்கு முன்பு வரை நீலமாக இருந்தது.

"மருந்துக்கடையில கூட்டமா?" என்று வீட்டில் மனைவி கேட்டாள். ஆமாம் என்றேன்.

நில அளவை அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் வரைபடம் வரைந்தவன் நான். ஊருக்கே வழி வரைந்து கொடுத்தவனுக்குத் தன் வீட்டுக்கு வழி தெரியவில்லை என்றால் — வயதா, வேறு ஏதாவதா?

ஒரு முடிவு செய்திருக்கிறேன். முப்பத்தொரு வசனம். மனப்பாடமாகச் சொல்லிவிட்டேனானால் அது வெறும் வயதுதான். யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. சொல்ல முடியாவிட்டால் அவளிடம் சொல்லி, டாக்டரிடம் போக வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

மூன்று நாளாகப் படிக்கிறேன். காலையில் எட்டு வசனம் வந்தது. சாயங்காலம் ஐந்து. "எனக்கு நடக்கத் தெரியாது, நிற்கத் தெரியும்" என்பது மட்டும் எப்போது கேட்டாலும் வருகிறது. அது நாலாவது வசனம். மூன்றாவது என்ன?

அவள் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். இன்றைக்கும் இருநூறு எண்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். செத்துப்போனவர்களின் எண்கள்கூட. நான் மொட்டை மாடியில் தாளை வைத்துக்கொண்டு முணுமுணுப்பதைக் கேட்டுத் துணி காயப்போட்டுக்கொண்டே மூன்றாவது வசனத்தைச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் அதைப் படித்ததே இல்லை. என் வாயிலிருந்து கேட்டதுதான்.

மார்ச் 10, திங்கள்

வேஷத்தை அவரவரே தைத்துக்கொள்ள வேண்டுமாம். நூலகர் சொன்னார்: "பழைய கோட்டு ஒண்ணு இருந்தா அது மேல கலர் கலரா ஒட்டுப் போட்டுடுங்க சார், போதும்."

கள வேலைக்காக அலுவலகத்தில் கொடுத்த காக்கி நீளக் கோட்டு பெட்டியில் இருக்கிறது. அதை எடுத்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த யோசனை வந்தது. நல்ல யோசனை இல்லை. ஆனால் வந்துவிட்டது.

முப்பத்தொரு ஒட்டுத்துணி. ஒவ்வொன்றிலும் ஒரு வசனம்.

பொம்மை கையை விரித்து நிற்க வேண்டும் என்பதால் தாளைப் பிடிக்க முடியாது. ஆனால் தலையைத் திருப்பலாம், குனியலாம். பொம்மை குனிந்தால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்? முழு வசனம் வேண்டாம், முதல் மூன்று சொற்கள் போதும். மீதி தானாக வரும். வரும் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் பரீட்சை என்ன ஆவது? நானே வைத்த பரீட்சையில் நானே காப்பி அடிக்கிறேனா?

மார்ச் 11, செவ்வாய்

தெருமுனைத் தையல்காரரிடம் ஒரு பை நிறைய வெட்டுத்துண்டுகள் வாங்கி வந்தேன். வெளிர் நிறமாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினேன், எழுத்துத் தெரிய வேண்டுமே. "பொம்மைன்னா பளிச்சுனு இருக்க வேணாமா சார்? எல்லாம் ஆஸ்பத்திரி கலரா எடுக்கறீங்களே" என்றார். சிரித்து வைத்தேன். நடுநடுவே போட நாலு சிவப்பும் எடுத்துக்கொண்டேன்.

வெள்ளை நூல்கண்டு ஒன்று. சலவையில் போகாத மைப் பேனா ஒன்று.

மார்ச் 13, வியாழன்

கோட்டின் வரைபடம் தயார். கட்டம் போட்ட தாளில், நாலில் ஒரு பங்கு அளவில். இடது கையில் 1 முதல் 8 வரை. மார்பிலும் வயிற்றிலும் 9 முதல் 23 வரை. வலது கையில் 24 முதல் 31 வரை. ஒட்டு ஒவ்வொன்றும் மூன்றங்குலம், இரண்டங்குலம், விளிம்பு மடிக்கக் கால் அங்குலம் தனி. வரைந்து முடித்ததும் பல மாதங்களுக்குப் பிறகு மனசு ஓரிடத்தில் நின்றது. அரை மணி நேரம்தான்.

அவள் மதியம் தன் தங்கை வீட்டுக்குப் போகும் நேரத்தில்தான் தைக்க வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

வெள்ளை நூல்கண்டு ஒன்று வாங்கினேன். மேசை இழுப்பறையில் வைக்கத் திறந்தால் ஏற்கெனவே இரண்டு இருக்கின்றன. ஒன்று செவ்வாய்க்கிழமை வாங்கியது, மேலே எழுதியிருக்கிறேன். இன்னொன்று?

மார்ச் 17, திங்கள்

பதினோரு ஒட்டு முடிந்தது. குண்டூசி குத்தி, விளிம்பை மடித்து, ஓடுதையல். அங்குலத்துக்கு எட்டுத் தையல். ஒன்பது விழுந்தால் பிரித்துவிடுகிறேன். இது பைத்தியக்காரத்தனம் என்று தெரியும்.

கை சும்மா இருந்தால் மனசு அந்த நீலக் கேட்டுக்குப் போய்விடுகிறது. அதனால் தைப்பது நல்லது. தைத்து முடித்ததும் எழுந்து போய் வாசல் கேட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன். பச்சை.

மார்ச் 19, புதன்

ஒரு விஷயம் பயமாக இருக்கிறது.

எனக்கு ஊசியில் நூல் கோக்கக் குறைந்தது பத்து நிமிடம் ஆகும். கண் அப்படி. ஆனால் இன்றைக்கு தையல் பெட்டியைத் திறந்தால் ஊசி மெத்தையில் ஆறு ஊசி நூல் கோத்துக் குத்தி வைத்திருக்கிறது. நுனியில் முடிச்சோடு. நேற்றும் நாலு இருந்தது, நேற்று காலையில் நானே கோத்திருப்பேன் என்று விட்டுவிட்டேன். இன்றைக்கு ஆறு.

எப்போது கோத்தேன்? ஆறு ஊசி என்றால் ஒரு மணி நேரம். ஒரு மணி நேரம் உட்கார்ந்து செய்த வேலை துளிகூட ஞாபகம் இல்லையென்றால் — இன்னும் என்னவெல்லாம் செய்துவிட்டு மறந்துகொண்டிருக்கிறேன்? அடுப்பைப் பற்ற வைத்தேனா? கதவைத் திறந்து வைத்தேனா? யாரிடமாவது ஏதாவது சொன்னேனா?

என்னடா ஆகுது உனக்கு.

மார்ச் 20, வியாழன்

எட்டு ஊசி.

மார்ச் 21, வெள்ளி

முப்பத்தொன்றும் முடிந்தது.

மார்ச் 22, சனி

எப்படி எழுதுவது. என்னைப் போல ஒரு மடையன் உண்டா.

அவள் தங்கை வீட்டுக்குப் போனதும் கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். கையை விரித்தேன். இடது பக்கம் திரும்பினால் இருபத்தெட்டாம் வசனம் இருக்கிறது. அதுவும் தலைகீழாக. குனிந்து மார்பைப் பார்த்தால் எல்லாம் தலைகீழ். கண்ணாடியில் நேராகத் தெரிந்தது, ஆனால் இடவலம் மாறிய எழுத்து. கண்ணாடியைத் தூக்கி மேடையில் வைக்கவா முடியும்?

மேசையில் கோட்டை விரித்து, காலர் வடக்கு, அடிப்பகுதி தெற்கு என்று ஊர் வரைபடம் போலத் தைத்திருக்கிறேன். முப்பத்தைந்து வருடம் நிலத்தை மேலிருந்தே பார்த்தவன், அதற்குள் நின்று பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. பாதியில் ஒருமுறை போட்டுப் பார்த்திருக்கலாம். முடிக்காத வேலையை எடுத்துப் பார்க்கும் பழக்கம் எனக்குக் கிடையாது, எங்கள் அலுவலகத்தில் யாருக்குமே கிடையாது.

இதற்கு நினைவைக் குறை சொல்ல முடியாது. அதுவே ஒரு ஆறுதல் போல இருந்தது. இது பழைய முட்டாள்தனம்தான், புதிது இல்லை.

இன்னும் எட்டு நாள். முப்பத்தொன்றையும் பிரிக்க வேண்டும்.

மார்ச் 23, ஞாயிறு

ஒத்திகை. இன்றிலிருந்து தாள் கூடாது என்றார் நூலகர். நான் ஏழாவது வசனத்தில் நின்றுவிட்டேன். ஒரு நிமிடம். ஒரு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அங்கே நின்றவனுக்குத்தான் தெரியும். காக்கா என்னைச் சுற்றிச் சுற்றி வந்து கத்திக்கொண்டே இருந்தார். பிறகு காதோடு, "சார், நீங்க எப்பப் பேசணுமோ அப்பப் பேசுங்க. அது வரைக்கும் நான் கத்திக்கிட்டே இருக்கேன். காக்காக்கு என்ன வேற வேலை?" என்றார்.

நல்ல மனிதர்.

மார்ச் 26, புதன்

பிரித்துத் தைத்ததில் இதுவரை பத்தொன்பது. பழைய துளைகள் துணியில் அப்படியே இருக்கின்றன.

இன்றும் ஊசிகள் தயாராக இருந்தன. எண்ணவில்லை.

மார்ச் 27, வியாழன்

அவள் பாதியில் திரும்பிவிட்டாள், தங்கைக்குத் தலைவலியாம். கோட்டை மறைக்க நேரமில்லை. எழுத்து இருந்த பக்கத்தை மடியில் கவிழ்த்துப் போட்டுக்கொள்வதற்குள் பார்த்துவிட்டாள்.

"என்னங்க அது, துணியில எழுத்து?"

"அலங்காரம்" என்றேன்.

"ஓ" என்றாள். "பொம்மை படிச்ச பொம்மை போலருக்கு."

டீ போடப் போய்விட்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கேட்கிறவள் இதை மட்டும் ஏன் கேட்கவில்லை?

மார்ச் 29, சனி

முடிந்தது. போட்டுப் பார்த்தேன். இடது பக்கம் திரும்பினால் ஒன்று. நேராகத் தெரிகிறது. எனக்கு நேராக.

போகாமல் இருந்துவிடலாமா? காய்ச்சல் என்று சொல்லலாம்.

மார்ச் 30, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

படிப்பகத்தில் எழுபது குழந்தைகள் இருப்பார்கள், தரையில் விரிப்புப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பெற்றோர் பின்னால் நாற்காலிகளில். அவள் மூன்றாவது நாற்காலி வரிசையில், ஓரத்தில்.

முதல் எட்டு வசனமும் சரியாக வந்தன. திரும்பினேன், படித்தேன், சொன்னேன். காக்கா பிரமாதம், குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒன்பதுக்குக் குனிந்தேன். பத்துக்குக் குனிந்தேன். பதிமூன்றோ பதினான்கோ இருக்கும். முதல் வரிசையில் இரட்டைச் சடை போட்ட ஒரு சின்னப் பெண் தலையைச் சாய்த்துக்கொண்டே போனாள். காது தோளைத் தொடும் வரை, பிறகு விரிப்பிலேயே தலையை வைத்துத் தலைகீழாக. எனக்கு நேராக இருப்பது அவளுக்குத் தலைகீழ் அல்லவா? அப்படித் திருப்பிப் பார்த்துப் படித்துவிட்டாள்.

"தாத்தா சட்டையில எழுதி வச்சிருக்காரு! பாத்துப் பாத்துச் சொல்றாரு!"

எல்லாக் குழந்தைகளும் தலையைச் சாய்த்தார்கள். பின்னால் பெரியவர்கள் சிரிக்கிறார்கள். நூலகர் எழுந்துவிட்டார். காக்காகூடக் கத்துவதை நிறுத்திவிட்டார். கையை விரித்தபடி நிற்கிறேன், முகத்தை மூடிக்கொள்ளக்கூட முடியாது. பொம்மை எப்படி முகத்தை மூடும்?

பிறகு நான் பேசினேன். நாடகத்தில் இல்லாத பேச்சு. எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"ஆமாம்மா. எனக்கு மறந்து மறந்து போகுது. தலையில இருந்ததையெல்லாம் இந்தக் காக்கா கொஞ்சம் கொஞ்சமா கொத்திக்கிட்டுப் போயிடுச்சு. அதான் எழுதித் தச்சு வச்சிருக்கேன்."

குழந்தைகள் ஓ என்று கத்தினார்கள். காக்கா சட்டென்று பிடித்துக்கொண்டார்: "நான் கொத்தலை! நான் கொத்தலை! சார் பொய் சொல்றாரு!" இறக்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு ஓடினார். நாடகம் அப்படியே தொடர்ந்தது. ஒவ்வொரு முறை நான் குனியும்போதும் முதல் வரிசை முழுக்கத் தலையைச் சாய்த்து எனக்கு முன்னால் படித்துச் சொன்னது. சில வசனங்களை நான் குனியாமலே சொன்னேன். எவை துணியிலிருந்து வந்தன, எவை என்னிடமிருந்து வந்தன என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கைதட்டினார்கள். நான் அவளைப் பார்த்தேன். எல்லோரும் தட்டினார்கள், அவள் தட்டவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 31, திங்கள்

நேற்று இரண்டு பேரும் நடந்தே திரும்பினோம். அந்த நீலக் கேட்டைத் தாண்டும்போது நான் நின்றேன்.

"போன மாசம் இது நம்ம வீடுன்னு நெனச்சு உள்ள போயிட்டேன்" என்றேன்.

"தெரியும்" என்றாள். "அந்த வீட்டுப் பெரியம்மாவுக்கு நம்மளைத் தெரியும். அன்னிக்கே எனக்குப் போன் பண்ணிட்டாங்க."

ஒரு மாதமாக அவளுக்குத் தெரியும். நான் ஒரு மாதமாக மறைத்தேன். அவளும் மறைத்தாள்.

"ஊசி எல்லாம் நான்தாங்க கோத்து வச்சேன்" என்றாள், எங்கள் கேட்டைத் திறந்துகொண்டே. "நீங்க கண்ணைக் கசக்கிக்கிட்டு உக்காந்திருக்கறத ஒருநாள் ஜன்னல் வழியாப் பாத்தேன். பாவமா இருந்துச்சு."

வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த ஊசிகளுக்காக நான் எத்தனை பயந்தேன் என்று இவளிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது.

"ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்க சொல்லலையே."

ஊசிகள் என் மறதிக் கணக்கில் இல்லை. நீலக் கேட்டும் மூன்றாவது நூல்கண்டும் இருக்கின்றன. அவற்றை அவளால் எடுத்துக்கொள்ள முடியாது.

ஏப்ரல் 8, செவ்வாய்

டாக்டர் சின்ன வயதுப் பெண். ஐந்து சொற்கள் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு கடிகாரம் வரையச் சொன்னார். வரைந்தேன். அறுபது நிமிடக் கோடுகளும் போட்டேன், ஐந்துக்கு ஒன்று நீளமாக. "இவ்வளவு அழகா யாருமே வரைஞ்சதில்லை சார்" என்றார். சந்தோஷமாக இருந்தது. பிறகு அந்த ஐந்து சொற்களைக் கேட்டார்.

குடை. நாற்காலி.

வெளியே வந்ததும் அவள் மீதி மூன்றையும் சொன்னாள். எழுதிக்கொள்ளவில்லை.

ஆரம்பம்தானாம். மெதுவாகப் போகுமாம். மாத்திரை இருக்கிறது. தனியாக வெளியே போனால் முகவரியும் அவளுடைய எண்ணும் உடம்போடு இருக்க வேண்டும், தாளில் எழுதிப் பையில் வைத்தால் தொலைந்துவிடும் என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். தையல்காரரின் வெட்டுத்துண்டுகள் இன்னும் அரைப்பை இருக்கின்றன.

ஏப்ரல் 10, வியாழன்

நான் வெளியே போட்டுக்கொள்ளும் சட்டைகள் ஆறு. எல்லாவற்றிலும் மார்புப் பைக்கு மூடி உண்டு. மூடியின் உள்பக்கத்தில் ஒட்டு. இரண்டங்குலம், ஒன்றரை அங்குலம். வீட்டு எண், தெரு, அவளுடைய போன் எண். கேட் பச்சை என்றும் எழுத வேண்டும் என்றேன். "எழுதுங்க" என்றாள்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள். இப்போது என் கண் முன்னாலேயே.

முதல் சட்டையைத் தைத்து முடித்துப் போட்டுக்கொண்டேன். கோட்டில் பட்ட பாடு மறக்கவில்லை. தைக்கும்போதே, போட்டுக்கொண்டு குனிந்தால் எப்படித் தெரியும் என்று பார்த்துத்தான் தைத்திருந்தேன். மூடியைத் தூக்கிக் குனிந்தேன். நேராக, அழகாகத் தெரிந்தது. பெருமையாக அவளிடம் காட்டினேன்.

அவள் எதிரே நின்று மூடியைத் தூக்கிப் பார்த்தாள். அந்தச் சின்னப் பெண்ணைப் போலத் தலையைச் சாய்த்தாள்.

"இதை யாருங்க படிக்கணும்?"

கொஞ்ச நேரம் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் சட்டையைக் கழற்றி, தையலைப் பிரித்து, ஒட்டைத் திருப்பி வைத்துத் தைத்தேன். மற்ற ஐந்தையும் எதிரே நிற்பவருக்கு நேராகத் தெரியும்படி முதலிலேயே தைத்துவிட்டேன். அங்குலத்துக்கு எட்டு.

முதல் சட்டையில் மட்டும் துளைகள் இரண்டு வரிசை. நாளைக்கு மருந்துக்கடைக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போவேன்.